'விபத்து: இல்லை' என்று எழுதிய ரெஜிஸ்டரை நம்பாமல் மீட்புப் பணியாளர்களின் பாதுகாப்பை அளப்பது எப்படி

ஒரு தீயணைப்பு நிலையத்தில் விபத்துப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். எந்த ஊர் என்பது வேண்டாம். தடித்த அட்டை போட்ட ரெஜிஸ்டர், மாதா மாதம் சிவப்பு மையில் 'விபத்து: இல்லை', கீழே கையெழுத்து, முத்திரை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு 'இல்லை'. அதை எடுத்துக் கொடுத்தவரின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. என்ன ஆச்சு என்றேன். "கிணத்துல மாடு விழுந்த கால் சார், கயிறு இழுத்துருச்சு. அதெல்லாம் விபத்துல வராது" என்றார். 'கால்' என்றால் அவர்கள் பேச்சில் உதவி கேட்டு வரும் அழைப்பு, இங்கே நானும் அப்படியே சொல்கிறேன். நகமே போயிருந்தது.

அந்த நகத்தை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். தீயணைப்பு நிலையம், 108 வண்டி, மின்வாரியக் களப்பணி, புயலுக்கு மறுநாள் மரம் வெட்டிச் சேறு அள்ளும் நகராட்சி ஆட்கள் என்று எல்லாருக்கும் இது பொருந்தும். பெரிய பட்ஜெட்டோ சாஃப்ட்வேரோ தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பூட்டுப் போட்ட பெட்டி, கணக்கு போடத் தெரிந்த ஒருவர், அப்புறம் காயம் பட்டதைச் சொன்னால் மெமோ கொடுக்காத ஓர் அதிகாரி. கடைசியாகச் சொன்னது கிடைப்பதுதான் கஷ்டம்.

முதலில் யாரை எண்ணப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். சுலபமாகத் தெரியும், ஆனால் பாதி ஆய்வுகள் இங்கேயே கோணலாகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது, ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நட்டு நிமிர்த்த டெல்டாவுக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் லாரி லாரியாக வந்தார்கள். இப்படி வருகிறவருக்குச் சம்பளப் பட்டியல் ஓர் ஊரில் இருக்கும், வேலை இன்னோர் ஊரில் நடக்கும். கையில் கிழித்துக்கொண்டால் எந்த ஊர் ரெஜிஸ்டரில் எழுதுவது? பெரும்பாலும் எதிலும் ஏறாது. அதனால் விதி ஒன்றுதான்: அந்த வேலையில் கை வைத்த எல்லாரும் பட்டியலில் வர வேண்டும். நிரந்தரம், ஒப்பந்தம், தினக்கூலி, தன்னார்வலர், ஜே.சி.பி. ஓட்ட வந்த பையன் என்று யாரையும் விடாதீர்கள். பெயர், தொலைபேசி, ரத்த வகை, கடைசியாக டி.டி. (தனுர்வாதத் தடுப்பு) ஊசி போட்ட தேதி, எந்த நாள் வந்தார், எந்த நாள் திரும்பினார், அவ்வளவு போதும். இதை வேலை தொடங்கும் முன்னால் எழுத வேண்டும். முடிந்த பிறகு எழுதுவது ஞாபகசக்திப் போட்டியாகத்தான் இருக்கும்.

எதால் வகுப்பது

தொழிற்சாலைகளில் காயங்களின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணிநேரத்தால் வகுப்பார்கள். அமெரிக்க முறையில் 10 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம், அதாவது 100 பேர் வாரம் 40 மணி வீதம் 50 வாரம் உழைத்தால் வரும் மணிநேரம். நூல் மில்லுக்கு இது சரி. தீயணைப்பு நிலையத்தில் இதை அப்படியே போட்டால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, ஆட்கள் குறைவு. 20 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 2000 மணி என்று வைத்தால் 40,000 மணிநேரம். ஒரே ஒரு காயம் பதிவானால் அமெரிக்க முறைப்படி விகிதம் 5. காயமே இல்லையென்றால் 0. போன வருடம் 5, இந்த வருடம் 0, ஆகவே பாதுகாப்பு மேம்பட்டுவிட்டது என்று யாராவது பவர்பாயிண்ட் போட்டால் நம்பாதீர்கள், ஒருவருக்குக் கால் சுளுக்கவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. ஒரு நிலையத்துக்கு மாத விகிதம் போடவே போடாதீர்கள். கடந்த 12 மாதக் கூட்டுத்தொகையை ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் நகர்த்திப் பாருங்கள், அல்லது ஒரு மாவட்டத்தின் நிலையங்களை மொத்தமாகச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு, மணிநேரமே பொய் சொல்லும். ட்யூட்டியில் கேரம் ஆடிய மணிநேரமும் புகைக்குள் தவழ்ந்த மணிநேரமும் ஒரே கணக்கில் கலந்துவிடுகின்றன. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 'அ' நிலையம், 20 பேர், ஆண்டுக்கு 400 கால், 6 காயம். 'ஆ' நிலையம், அதே 20 பேர், 1500 கால், 9 காயம். ஆள் கணக்கில் பார்த்தால் 'அ'வில் 100 பேருக்கு 30, 'ஆ'வில் 45. அப்படியானால் 'ஆ'தான் மோசம், நிலைய அலுவலருக்கு விளக்கம் கேட்டு கடிதம் போகும். கால் கணக்கில் பார்த்தால்? 'அ'வில் 1000 காலுக்கு 15, 'ஆ'வில் 6. யாருக்குக் கடிதம் போக வேண்டுமோ அவர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கால் எண்ணிக்கையால் வகுங்கள். முடிந்தால் சம்பவ இடத்தில் ஆள்-மணிநேரம் எவ்வளவு என்றும் எழுதுங்கள், போய்ச் சேர்ந்த நேரமும் கிளம்பிய நேரமும் எப்படியும் ரிப்போர்ட்டில் இருக்கும், எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதால் பெருக்கினால் போதும். தீ, சாலை விபத்து, கிணறு, பாம்பு, கதண்டு என்று கால்களைப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது.

தப்பித்த நோட்டு

காயத்தை மட்டும் எண்ணுவது, பரீட்சை முடிந்த பிறகு மார்க் பார்ப்பது மாதிரி. அதற்கு முன்னால் நடப்பதை, அதாவது காயமாகாமல் மயிரிழையில் தப்பித்த சம்பவங்களை, எழுத ஒரு தனி நோட்டு வையுங்கள். நாங்கள் அதற்கு 'தப்பித்த நோட்டு' என்று பெயர் வைத்தோம், அதிகாரப்பூர்வமான பெயர் வைத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். என்ன நடந்தது, எங்கே, எந்த வேலையில், என்ன இருந்திருந்தால் நடந்திருக்காது, இந்த நான்கு மட்டும். பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். முதல் நாள் எழுதப்பட்டது இது: 'ஏணி வழுக்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை. கீழே ரப்பர் தேய்ந்துவிட்டது.' அடுத்த வாரம் ரப்பர் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் நோட்டு நிறைய ஆரம்பித்தது.

முதல் மூன்று மாதம் எண்ணிக்கை ஏறும். பயப்படாதீர்கள், வேலை ஆபத்தாகவில்லை, வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலதிகாரிக்கு இதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நான்காவது மாதம் நோட்டு காணாமல் போகும். அப்புறம், 'விபத்தில்லா நிலையம்' என்று கேடயம், ரொக்கம் எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் காயத்தை மறைப்பதற்குக் காசு கொடுத்ததாகத்தான் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹைன்ரிக் என்பவர் 1931இல் சொன்ன முக்கோணம் ஒன்று உண்டு: ஒரு பெரிய காயத்துக்கு 29 சின்னக் காயம், காயமே ஆகாத 300 சம்பவம். பாதுகாப்பு வகுப்பு எதற்குப் போனாலும் அந்தப் படத்தைக் காட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு சுளுக்குகளைக் குறைத்தால் சாவும் தானாகக் குறையும் என்று கணக்கு போடாதீர்கள். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் பேக்கரி ஒன்றில் தீப்பிடித்து, சிலிண்டர் வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 2020 தீபாவளி சமயத்தில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும்போது கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். இவற்றுக்கும் ஏணி ரப்பருக்கும் சம்பந்தமில்லை. ஆளைக் கொல்வது வேறு பட்டியல்: சிலிண்டர், இடியும் சுவர், மின்சாரம் ஓடும் லைன், ஓடும் தண்ணீர், சாலை. தப்பித்த நோட்டில் இந்த ஐந்தில் எதுவாவது வந்தால் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் மொத்தத்தை விட்டுவிட்டு, சிவப்புப் புள்ளிகளை மட்டும் எண்ணினாலே போதும்.

மின்வாரிய ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும். எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கியாச்சு, லைன் செத்துவிட்டது என்று கம்பத்தில் ஏறுகிறார், எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து லைனுக்குள் மின்சாரம் ரிட்டர்ன் வருகிறது. புயல் வாரத்தில் தெருவுக்கு நாலு ஜெனரேட்டர் ஓடும்போது இது சாதாரண நாளைப்போலப் பத்து மடங்கு பயம். இங்கே காயத்தை எண்ணிப் பிரயோஜனமில்லை, முதல் காயமே கடைசிக் காயமாக இருக்கும். எத்தனை முறை ஏறினார்கள், அதில் எத்தனை முறை வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு (அப்படி வரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பி) போட்டிருந்தது என்று எண்ணுங்கள்.

கண்ணால் பார்த்து எண்ணுவது

அதே முறையை மற்ற வேலைகளுக்கும் நீட்டலாம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டோ மூன்றோ விஷயம் மட்டும் தேர்ந்தெடுங்கள், நாற்பது கேள்வி செக்லிஸ்ட் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவில் டிக் விழும்.

பி.ஏ. செட் (முதுகில் காற்று சிலிண்டரோடு மாட்டும் சுவாசக் கருவி) போட்டுப் புகைக்குள் போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்த அளவு ஒன்று: உள்ளே போகும்போது சிலிண்டர் அழுத்தம் எவ்வளவு, வெளியே வரும்போது எவ்வளவு. 300 பார் சிலிண்டர் ஏறக்குறைய 55 பார் வரும்போது விசில் அடிக்கும். அந்த விசில் திரும்பி வரும் வழிக்கான கடைசிக் காற்று. விசில் வெளியே வந்த பிறகு அடித்ததா, உள்ளே இருக்கும்போதே அடித்ததா? பத்து முறையில் நாலு முறை உள்ளேயே அடித்திருந்தால் ஒரு கீறல்கூட விழாத வருடமாக இருந்தாலும் அந்தக் குழு விளிம்பில்தான் நிற்கிறது. உள்ளே போன நேரத்தை வெளியே ஒருவர் நின்று எழுதினாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

108 வண்டியில் பின்னால் இருக்கும் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பெல்ட் போட்டிருந்தாரா என்று பாருங்கள். நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டே நிற்கும்போது பெல்ட் எப்படிப் போடுவது என்று கேட்பார், நியாயமான கேள்விதான், அந்தக் கேள்வியையும் எழுதி வையுங்கள், அது வண்டி வடிவமைப்பின் பிரச்சினை. ஊசி குத்திய சம்பவங்களில் எத்தனை என்பதைவிட, குத்தியதிலிருந்து எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸ் வரை எத்தனை மணிநேரம் ஆனது என்பது உதவியாக இருக்கும். இரண்டு மணிநேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணிநேரத்துக்குப் பிறகு பலனில்லை, மொத்தம் 28 நாள் மருந்து. 'மறுநாள் காலையில் போனேன்' என்று நாலு பேர் சொன்னால் உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வசவு, தள்ளுமுள்ளு, அடி, கல்வீச்சு எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் அதை வேலையின் ஒரு பகுதி என்று நினைத்துச் சொல்லவே மாட்டார்கள்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். 'கடந்த 24 மணியில் எத்தனை மணி தூங்கினீர்கள்?' என்ற ஒற்றைக் கேள்வி போதும். 17 மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03தான். சைரன் போட்டு ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே ரத்த அழுத்தம். அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களைப் பற்றி ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில் பெரும்பாலும் முதலிடத்தில் வருவது மாரடைப்பு.

கேள்வித்தாள்

இங்கே உட்கார்ந்து நிதானமாகச் செய்ய வேண்டும். 'பாதுகாப்புச் சூழல்' என்று ஆய்வாளர்கள் சொல்வது, எழுதி வைத்த விதியை அல்ல, இங்கே நிஜமாக எதற்கு மதிப்பு என்று ஆட்கள் நினைக்கிறார்களோ அதை. இதற்கு வட ஐரோப்பிய நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய நாசாக்-50 என்ற கேள்வித்தாள் பிரபலம்: 50 வாக்கியம், 7 பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். சராசரி 3.30க்கு மேல் என்றால் நன்று, 2.70க்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டியது.

பிரச்சினை மொழியில்தான் வரும். ஒரு மொழிபெயர்ப்பில் 'எங்கள் மேலாளர் பாதுகாப்பை ஊக்குவிக்கிறார்' என்று இருந்தது. லைன்மேன் ஒருவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்த மேலாளர் சார்? ஃபோர்மேனா, ஜே.இ.யா, ஏ.இ.யா? ஃபோர்மேன்னா நாலு போடலாம். ஏ.இ.ன்னா நான் ஒன்னும் போடலை." பிரமாதமான கேள்வி. அதனால் தாளை எல்லாருக்கும் கொடுக்கும் முன் எட்டுப் பத்துப் பேருடன் உட்காருங்கள், ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லி 'இதில் என்ன கேட்கிறார்கள் என்று புரிகிறது?' என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு 'இல்லை' வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். 50 கேள்விக்கு நேரமில்லை என்றால் உங்கள் இடத்துக்கு ஏற்ற ஆறு போதும், நான் பயன்படுத்துகிறவை இவை:

'கால் முடிந்து வந்ததும் என்ன தப்பு நடந்தது என்று இங்கே பயமில்லாமல் பேசலாம்.'
'ஆபத்து என்று பட்டால் உள்ளே போகமாட்டேன் என்று அதிகாரியிடம் சொல்ல முடியும்.'
'அவசரத்தில் கையுறை, ஹெல்மெட் இல்லாமல் இறங்குவது இங்கே சகஜம்.'
'பழுதான சாதனத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் ஏதாவது நடக்கும்.'
'காயத்தை வெளியே சொன்னால் எனக்குத்தான் தொல்லை.'
'கூட்டம் கூடி அடிக்க வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.'

மூன்றாவதும் ஐந்தாவதும் தலைகீழ்க் கேள்விகள், வேண்டுமென்றே வைத்தவை. எல்லாவற்றுக்கும் 'ஆமாம் சார்' என்று நாலு போடுகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார். கூட்டும்போது இவற்றின் மதிப்பெண்ணை 5இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மொத்தச் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து கேள்வியில் 3.1, இரண்டாவது கேள்வியில் மட்டும் 1.9 என்றால் மொத்தம் 2.9 வரும், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 'உள்ளே போகமாட்டேன் என்று சொல்ல முடியாது' என்பது அந்த நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே சேதியாக இருக்கலாம்.

பெயர் கேட்காதது மட்டும் ரகசியம் ஆகாது. 20 பேர் உள்ள இடத்தில் வயது, பதவி, பணி ஆண்டு மூன்றும் கேட்டால் யார் என்று டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார். எதையும் கேட்காதீர்கள், அல்லது நிரந்தரமா ஒப்பந்தமா என்று மட்டும் கேளுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். தாளைச் சேகரிப்பவர் அதிகாரியாக இருக்கக் கூடாது, அவருடைய டிரைவராகவும் இருக்கக் கூடாது.

புயல் ஓய்ந்த பிறகு

பேரிடர் வேலையில் பாதிக் காயம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். வெள்ளத்தில் நின்று வேலை செய்தவருக்கு எலிக் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் வரும், அதற்குள் அவர் சொந்த ஊருக்குப் போயிருப்பார், அங்கே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா காய்ச்சல் என்பார். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக் காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்ததால் பின்னால் நோயில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் 343 ஆனது. தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் பணிகளின் முதல் வகையில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022இல் சேர்த்தது. ஆக, வேலை முடிந்த அன்றே ரெஜிஸ்டரை மூடிவிட்டால் நீங்கள் அளந்தது பாதிக்கும் குறைவு.

அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியாஷ் மீட்புப் பணியாளர்களின் உடல்நலத்தைப் பணிக்கு முன், பணியின்போது, பணிக்குப் பின் என்று மூன்று கட்டமாகக் கவனிக்கச் சொல்கிறது. நம் வசதிக்கு மூன்றாவது கட்டத்தை மூன்று போன் காலாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம்: காய்ச்சல், புண், வயிற்றுப்போக்கு, இருமல். ஒரு மாதம்: தூக்கம், கனவு, கோபம், குடி. ஆறு மாதம்: மூச்சு, வேலைக்குத் திரும்பினாரா, மருத்துவச் செலவை யார் கொடுத்தார்கள்.

மனம் பற்றிய கேள்விகளை முதல் வாரத்திலேயே கேட்டு ஆளுக்கொரு பட்டம் கொடுக்காதீர்கள். சடலம் தூக்கியவருக்குச் சில நாள் தூக்கம் வராதது நோயல்ல. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) பற்றிப் பேசவே முடியும். அதற்கு 20 கேள்வி கொண்ட பி.சி.எல்-5 என்ற கேள்வித்தாள் உண்டு, மொத்தம் 80, ஏறக்குறைய 31 முதல் 33 தாண்டினால் நிபுணரிடம் அனுப்புவது வழக்கம். அனுப்ப ஆள் இல்லையென்றால் கேட்கவே கேட்காதீர்கள். குறைந்தபட்சம் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416ஐத் தாளின் கீழே அச்சடித்துக் கொடுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் ஒரே பக்கத்தில் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பும் அதே நாளில் நிலையத்துப் பலகையிலும் ஒட்டுங்கள். அதில் இருப்பதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும், ஏணி ரப்பர் மாதிரி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, இல்லாவிட்டால் அடுத்த முறை தாள் வெறுமையாகத்தான் திரும்பும். ஆறாவது மாத அழைப்புக்கு முதலில் ஒப்பந்த ஆட்களைப் பிடியுங்கள், சிம் மாற்றிவிடுகிறார்கள். பட்டியல் எழுதும்போதே வீட்டில் இன்னொருவர் எண்ணையும் வாங்கி வையுங்கள், மனைவி எண் என்றால் நல்லது, இருமல் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்.